செக்கர் தொடக் கூடாத ஃபைல்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். மேனேஜர் உட்பட. மேனேஜருக்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல், தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள காதோரம் நாலு இழைதான் பாக்கி, அவரும் "அண்ணி, அந்த டிராயிங் என்னாச்சு?" என்றுதான் கேட்பார். ஆறு மாதத்துக்கு முன்புவரை, மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கிறவள் என்பதால், அவள் 'செக்கர் மேடம்'. கணவனின் தங்கையை அதே அலுவலகத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டதற்குக் கிடைத்த பரிசு இந்தப் புதுப் பெயர். நாத்தனார் வேலைக்கு வந்த முதல் நாளே, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணி, பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு உரியவே இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்பது அண்ணிக்கு அப்போதே தெரியும். ஆனால் கணவன் தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் "பாப்பாவுக்கு உங்க ஆபீஸ்ல ஏதாவது..." என்று இழுத்தால், எத்தனை நாள்தான் காது கேட்காத மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பது? நாத்தனாரும் இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். படிப்பு இருந்தது, சுறுசுறுப்பு இருந்தது, வாய் நிறையச் சிரிப்பு இருந்தது. ஒழுங்கு மட்டும் மருந்துக்கும் கிடையாது. குளித்துவிட்டு வந்தால் ஈரத்துண்டு நாற்காலியில் கிடக்கும், சீப்பு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். வீட்டில் அதை எடுத்து வைக்க ஒரு ஆள் இருந்தது. அந்த ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அலுவலகம் மூன்று மாடிக் கட்டடத்தின் நடுமாடி. கீழே டயர் கடை, மேலே பல் டாக்டர். கீழே காற்றடிக்கும் சத்தமும் மேலே பல் குடையும் சத்தமும் வந்து சேருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரிய கிடங்குகளுக்கான இரும்பு அடுக்குகளை இவர்கள் கம்ப்யூட்டரில் வடிவமைத்தார்கள். கிடங்கு அடுக்கு என்பது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் இருக்குமே தவிர, உள்ளுக்குள் ஒரே சமாசாரம்தான். இரண்டு பக்கம் தூண், நடுவில் குறுக்குச் சட்டம், சட்டத்தைத் தூணோடு பிடிக்க ஒரு கொக்கி, கொக்கிக்கு இரண்டு போல்ட். இது ஒரு கட்டம். பக்கத்தில் அதே போல இன்னொரு கட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கிடங்கின் சுவர் வரும்வரை இதே பாட்டுதான்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளை எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் மானம் மரியாதை எல்லாம் இருக்கிறது. விவரம் தெரிந்தவன் ஒரே ஒரு கட்டத்தை ஒழுங்காகக் கட்டுவான். கட்டிவிட்டு, 'இதே மாதிரி இத்தனை, இந்த இடைவெளியில்' என்று மென்பொருளிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வான். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். முதல் கட்டத்தில் ஓர் அளவை மாற்றினால் வரிசை மொத்தமும் தானாக மாறும். அவசரக்காரன் என்ன செய்வான் என்றால், ஒன்றைக் காப்பி எடுத்து, மவுஸால் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைப்பான். பிறகு இன்னொரு காப்பி. கண்ணால் பார்த்து ஒட்ட வைப்பான். திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். தொட்டால்தான் சாயம் வெளுக்கும்.

யார் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அண்ணியின் வேலை. இதில் ஒரு விதி உண்டு: செக்கர் ஃபைலைத் தொடக் கூடாது. தப்பைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். செய்தவரே திருத்த வேண்டும். எட்டு வருடமாக அண்ணி இந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். திருப்பி அனுப்பினால் அவர்கள் முகம் தொங்கும், பக்கத்தில் வந்து நின்று விளக்கம் கேட்பார்கள், மறுநாள் டீ குடிக்கும்போது பேசாமல் இருப்பார்கள். இந்த இழவுக்கு நாமே பண்ணித் தொலைத்துவிடலாம் என்று அவளே திருத்திவிட்டு, 'சரிபார்த்தது' என்று போட்டுவிடுவாள். ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு முக்கியமான வாரம். பழைய டீம் லீடர் வேறு வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. கண்ணாடித் தடுப்பு வைத்த அவருடைய அறை காலியாகக் கிடந்தது; அதில் இப்போது பழுதான பிரிண்டர்தான் குடியிருந்தது. அந்த இடம் தனக்குத்தான் என்று அண்ணி இருந்தாள். இருக்காதா பின்னே? அலுவலகத்தில் அவளைவிடப் பழைய ஆள் மேனேஜரும் வாசலில் இருந்த மிதியடியும்தான். திங்கட்கிழமை மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை கஸ்டமர் வராங்க, அண்ணி. மாடலைத் திரையில ஓட்டிக் காட்டணும். அது மட்டும் நல்லபடியா முடியட்டும், உங்க விஷயத்தை அன்னிக்கே முடிச்சிடலாம்."

"சரி சார்."

"மாடல் உங்க நாத்தனார் பண்ணது. நீங்க கொண்டுவந்த ஆளு, தப்பா போகாது, இல்ல?"

"போகாது சார்," என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை காலை நாத்தனார் கிடங்கை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு வரக் கிளம்பிவிட்டாள். மாலைதான் வருவாள். போகும்போது அண்ணியின் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "ஃபைலை அனுப்பிட்டேன் அண்ணி, எல்லாம் சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி ஃபைலைத் திறந்தாள்.

படம் அழகாகத்தான் இருந்தது. தூண்களுக்கு நீலம், சட்டங்களுக்கு ஆரஞ்சு, வரிசை வரிசையாக, கண்காட்சியில் வைக்கலாம். அண்ணி திரையின் இடது ஓரத்தைப் பார்த்தாள். மாடலில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்பது அங்கேதான் வரிசையாக வரும். கொக்கி. கொக்கி காப்பி. கொக்கி காப்பி காப்பி. கொக்கி புதுசு. கொக்கி புதுசு காப்பி. கொக்கி கடைசி. கொக்கி நிஜமாவே கடைசி. உருட்டினாள். பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. உருட்டி உருட்டி விரல் வலித்தது, பட்டியலுக்கு முடிவு வரவில்லை. ஒரு பேட்டர்ன் கிடையாது. ஒரு ஃபோல்டர் கிடையாது. ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாகக் கையால் இழுத்து வைத்திருக்கிறாள் மகராசி.

முதல் கட்டத்தின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள். அந்தக் கட்டம் மட்டும் சுருங்கியது. மற்றவை கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தன. நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது, நாலு போல்ட் அந்தரத்தில் தொங்கின. அவற்றைப் பார்த்ததும் அண்ணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போனை எடுத்தாள்.

"ஏம்மா, இதென்ன பண்ணி வச்சிருக்கே?"

"எது அண்ணி?" பின்னால் லாரி ஹாரன்.

"போல்ட்டுல பேட்டர்னே போடலையே? எல்லாம் தனித்தனியா இருக்கு!"

"ஆமா அண்ணி, பேட்டர்ன் போட்டா ஏதோ எரர் வந்துச்சு. இது ஈஸியா இருந்துச்சு. நல்லாத்தானே தெரியுது?"

"நாளைக்கு வர்ற கஸ்டமரம்மா அகலத்தை மாத்திக் காட்டுன்னா என்ன பண்ணுவே?"

"கேக்க மாட்டாங்க அண்ணி. எதுக்குக் கேக்கப் போறாங்க?" சிரித்தாள். "இங்க ஒரே தூசி. அப்புறம் பேசறேன்."

லைன் போய்விட்டது. அண்ணி போனை வைத்தாள். முறைப்படி என்ன செய்ய வேண்டும்? திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் மேனேஜருக்கும் ஒரு தகவல் போகும். தகவல் போனால் நாளைய நிகழ்ச்சி தள்ளிப்போகும். தள்ளிப்போனால் "நீங்க கொண்டுவந்த ஆளுதானே?" என்று வரும். நாத்தனாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, இந்த மாதம்தான் முடிவு. அது போய்விட்டால் வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் நாட்கள் திரும்ப வரும். கண்ணாடி அறை பிரிண்டருக்கே சொந்தமாகிவிடும். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள்.

அன்றைக்கு அவள் பட்ட பாட்டை எழுதி மாளாது. எந்தக் கொக்கி அசல், எந்தக் கொக்கி நகல் என்று கண்டுபிடிப்பதற்கே பொழுது பாதி போயிற்று. 'கொக்கி நிஜமாவே கடைசி' என்று இருந்தது எந்த இடத்திலும் பயன்படவில்லை; 'கொக்கி காப்பி காப்பி'தான் உண்மையான கொக்கி. ஒன்றை அழித்தால் எங்கோ ஒரு மூலையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதைச் சரி செய்தால் இன்னொரு மூலையில் வந்தது. ஒருமுறை மென்பொருள் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. திரும்பத் திறந்தபோது ஒரு மணி நேர வேலை காணோம். அண்ணி மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்து மேஜைக்காரன், கேபிள் தாங்கிகளை வரைகிறவன், திரும்பிப் பார்த்தான். சரக்கை உருட்டிக்கொண்டு போகும் கன்வேயர் வரைகிறவளும் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல," என்று சொல்லி அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவன் இன்னும் பயந்துவிட்டான்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒருபக்கம் தள்ளிவிட்டு, முதலிலிருந்து ஒரு கட்டத்தைக் கட்டினாள். இரண்டு தூண், சட்டங்கள், கொக்கி, போல்ட். கொக்கியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே போல்ட் தானாகப் போய் உட்காரும்படி செய்தாள். அந்தக் கட்டத்தை வரிசையாக ஓடவிட்டாள். ஒரே ஒரு இடத்தில் கிடங்கின் கதவு வருகிறது. அங்கே அடுக்கு இருந்தால் ஆள் வெளியே போக முடியாது. அந்தக் கட்டத்தை மட்டும் பேட்டர்னிலிருந்து விலக்கி, அடியில் சட்டம் இல்லாத தனிக் கட்டம் ஒன்றை வைத்தாள். உறுப்புகளையெல்லாம் ஃபோல்டர் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முன்னால் எண் போட்டாள். அது அவளுடைய பழக்கம். சமையலறை டப்பாக்களில் சுத்தமாக எழுதி ஒட்டுகிற கை, இங்கேயும் சும்மா இருக்குமா?

அகலத்தைக் குறைத்தாள். வரிசை முழுவதும் ஒன்றாகச் சுருங்கியது. கூட்டினாள். ஒன்றாக விரிந்தது. கதவு இருக்கும் இடத்தில் வழி அப்படியே இருந்தது. மதியம் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபைலில் 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் நாத்தனாரின் பெயர் இருந்தது. அண்ணி அதைத் தொடவில்லை. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். நாளைக்கு லீடர் ஆகப்போகிறவளுக்கு இது ஒரு பொருட்டா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் பொருட்டாகத்தான் இருந்தது. அதனால்தான் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்தார். கிடங்கு முதலாளியம்மா. கழுத்தில் தொங்கும் கண்ணாடி, நாலு வார்த்தைக்கு மேல் பேசாத வாய். மேனேஜர் ஓடி ஓடி நாற்காலி இழுத்துப் போட்டார். தட்டில் பிஸ்கட் வைத்திருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாத்தனார் திரைக்கு முன்னால், அண்ணி மேஜையின் கடைசியில்.

நாத்தனார் ஃபைலைத் திறந்தாள். நேற்று அவள் அனுப்பிய பட்டியல் இன்றைக்கு ஏழு வரியாகச் சுருங்கியிருந்தது. அவள் கை ஒரு நொடி நின்றதை அண்ணி பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போலப் படத்தைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். அவளுக்குப் பேச்சு எப்போதும் கைவந்த கலை.

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"ஒரு கட்டத்தோட அகலம் குறைஞ்சா?"

நாத்தனாரின் கழுத்து சிவந்தது. மெதுவாக மவுஸை முதல் கட்டத்தின் மேல் வைத்து, அளவை மாற்றி, என்டர் தட்டினாள். வரிசை முழுவதும் ஒன்றுபோல நகர்ந்து நின்றது. மிச்சமான இடத்தில், மூலையில் ஒரு கட்டம் கூடுதலாக வந்து சேர்ந்தது.

"ஓ," என்றார் முதலாளியம்மா. அவர் அன்றைக்குச் சொன்ன பெரிய பாராட்டு அது. "கதவு?"

"வழி அப்படியே இருக்கும்மா."

"போன இடத்துல இதைக் கேட்டதுக்கு ரெண்டு வாரம் ஆகும்னாங்க. இதை யாரு பண்ணது?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "இதோ, இந்தப் பொண்ணுதாம்மா."

நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பினாள். நன்றாக, கழுத்தைத் திருப்பியே பார்த்தாள். அண்ணி பிஸ்கட் தட்டைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால், "இல்ல, நான்தான் பண்ணேன், விதியை மீறிப் பண்ணேன்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாத்தனார் என்ன ஆவாள்? சரிபார்த்ததாகத் தான் போட்ட பெயர் என்ன ஆகும்? திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப என் வேலை முழுசையும் இந்தப் பொண்ணே பாக்கட்டும்," என்றார் முதலாளியம்மா. "அடுத்து ரெண்டு கிடங்கு இருக்கு."

இரண்டு கிடங்கு என்றதும் மேனேஜரின் முகம் பல்ப் போட்டது போல ஆனது. "கண்டிப்பாம்மா. இனிமே இவங்கதான் எங்க டீம் லீடர்," என்றார். சொன்ன பிறகுதான் மேஜைக் கடைசியில் ஒருத்தி இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கமே திரும்பாமல் எழுந்து, முதலாளியம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

அவ்வளவுதான். எட்டு வருடம் இலவு காத்தது ஒரு தட்டு பிஸ்கட் நமுத்துப்போவதற்குள் முடிந்துபோயிற்று.

அன்று மாலை கணவன் ஐஸ்கிரீம் வாங்கிவந்தான். குடும்பப் பெட்டி, மூன்று நிறம். "என் தங்கச்சி லீடர்!" என்று போனில் ஊருக்கெல்லாம் சொன்னான். நாத்தனார் வழக்கத்துக்கு விரோதமாகப் பேசாமல் இருந்தாள். தலைவலி என்று சீக்கிரம் படுக்கப் போய்விட்டாள். அண்ணி கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது கணவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எல்லாம் உன்னாலதான். நீதானே அவளைக் கூட்டிட்டுப் போனே."

"அந்த மாடலை நான்தான் பண்ணேன்," என்றாள் அண்ணி, குழாயை மூடாமலே.

"எந்த மாடலை?"

"இன்னிக்குக் காட்டுனதை. அவ அனுப்பினது குப்பை. நேத்து பூரா உக்காந்து நான் பண்ணேன். சாப்பிடக்கூட இல்ல."

அவன் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். "அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே?" என்றான்.

அவள் கையில் இருந்த கிண்ணத்தைத் தேவைக்கு மேல் தேய்த்தாள். கேட்டதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை பிரிண்டர் கண்ணாடி அறையைக் காலி செய்துகொடுத்தது. நாத்தனார் உள்ளே போய் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் இரண்டாவது கிடங்கின் முதல் மாடல் அண்ணியின் பெயருக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி: 'அண்ணி, நாளைக்கு கஸ்டமருக்குக் காட்டணும், ஒரு தடவை பாத்துடுங்க.' திறந்தாள். கொக்கி. கொக்கி காப்பி. கொக்கி காப்பி காப்பி.

அண்ணி எழுந்து, நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

"இதென்ன, மறுபடியும் அதே கதை?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "உக்காருங்க அண்ணி."

"உக்காரல. போன தடவை யாரு சரி பண்ணதுன்னு நெனச்சே? வானத்துலருந்து எறங்கிச்சுன்னா?"

"நீங்கதான்னு தெரியும்."

அண்ணி இதை எதிர்பார்க்கவில்லை.

"திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு," என்றாள் நாத்தனார். "ஃபோல்டருக்கு நம்பர் போடற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். நான் உங்களைப் பாத்தேன் அண்ணி. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க பிஸ்கட்டைப் பாத்துட்டு இருந்தீங்க."

"நீ சொல்லியிருக்கலாமே? வாய் உனக்குத்தான் வண்டி வண்டியா இருக்கே!"

"சொல்லியிருந்தா எனக்கு வேலை போயிருக்கும். உங்களுக்கு என்ன போயிருக்கும்?"

யோசித்துப் பார்த்தால் ஒன்றும் போயிருக்காது. கூடத்தில் கொஞ்சம் சலசலப்பு, மேனேஜருக்குக் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். இத்தனை நாளும் சாகும் பயமாகப் பயந்தது அந்தச் சங்கடத்துக்குத்தானா? இந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டதே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் மேல் பாதி, தன் மேல் பாதி.

"இரு, வரேன்," என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அனுமதி கேட்காமல் அவள் அந்தக் கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து பல்லிடுக்கில் எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று நேராக உட்கார்ந்தார்.

"சார், வெள்ளிக்கிழமை காட்டுன மாடல் நான் பண்ணது."

"தெரியுமே," என்றார் மேனேஜர்.

அண்ணி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லாருக்கும் தெரியும் அண்ணி. அந்தக் கேபிள்காரன் பண்றதையும் நீங்கதான் சரி பண்றீங்க. அந்தக் கன்வேயர் பொண்ணு பண்றதையும். இங்கருந்து போற எந்த ஃபைலையாவது நீங்க தொடாம விட்டிருக்கீங்களா?" அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. பாராட்டுகிற மாதிரியே சொன்னார். அதுதான் கொடுமை. "இந்த ஆபீஸ் ஓடுறதே உங்களாலதான்."

"அப்படின்னா அந்த எடத்தை எனக்குக் குடுத்திருக்கணும் இல்ல சார்?"

மேனேஜர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "உங்களைத் தூக்கி மேல உக்கார வெச்சுட்டா, கீழ இதையெல்லாம் யாரு அண்ணி சரி பண்றது?"

அவர் பச்சையாகச் சொன்னார். வேறு எதையும் மறைத்து வைக்கவில்லை. மூன்று மாதம் அந்த அறையைக் காலியாக வைத்திருந்ததற்கும் இதுதான் காரணம் என்று அண்ணிக்கு இப்போது புரிந்தது. நாத்தனார் வந்திருக்காவிட்டால் இன்னொருத்தி வந்திருப்பாள். கேபிள்காரன்கூட ஆகியிருப்பான். அவள் மட்டும் ஆகியிருக்க மாட்டாள். மற்றவர்கள் தப்பைத் திருத்தித் திருத்தி அவளே தன் காலைக் கட்டிப்போட்டிருக்கிறாள். யாரும் அவளுக்குக் குழி வெட்டவில்லை. மண்வெட்டி அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

"சரி சார்," என்றாள். அழுகை வந்தது. அதை அங்கே காட்டக் கூடாது என்று வெளியே வந்துவிட்டாள். பாத்ரூமில் முகத்தைக் கழுவிக்கொண்டு, தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

திரையில் நாத்தனாரின் ஃபைல் திறந்தபடி இருந்தது. பழக்கதோஷம், கை மவுஸுக்குப் போய்விட்டது. எந்தக் கொக்கி அசல் என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது. ஒரு கட்டம் கட்டினால் போதும், இந்தத் தடவை அரை நாளில் முடிந்துவிடும். அண்ணி கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு 'திருப்பி அனுப்பு' என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. 'பேட்டர்ன் இல்லை. ஃபோல்டர் இல்லை. முழுக்கத் திரும்பச் செய்யவும்' என்று எழுதினாள்.

வரிசையில் அடுத்து கேபிள்காரனின் ஃபைல். திறந்து பார்த்தாள். தாங்கிகள் எல்லாம் காப்பி. திருப்பி அனுப்பினாள். அடுத்தது கன்வேயர் பெண்ணுடையது. உருளைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு அவள் பெயரில் இருந்த ஃபைல்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்றையும் தொடவில்லை. தொடாமல் இருப்பது இதுவரை செய்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சரியாக இல்லாத ஒன்றைச் சரியாக இல்லாமலே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியவில்லை; ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அழுத்தினாள்.

முதலில் கேபிள்காரனின் தலை தடுப்புக்கு மேலே வந்தது. பிறகு கன்வேயர் பெண்ணின் தலை. பிறகு இன்னும் இரண்டு. கண்ணாடி அறையில் நாத்தனார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மேனேஜரின் கதவும் திறந்தது. ஒவ்வொரு திருப்பலுக்கும் அவருக்கும் ஒரு தகவல் போயிருக்கும் அல்லவா?

"அண்ணி, என் ஃபைல் திரும்பி வந்திருக்கு!" என்றான் கேபிள்காரன், ஏதோ தபால் தவறி வந்துவிட்ட மாதிரி.

"எனக்கும்," என்றாள் கன்வேயர் பெண்.

"அண்ணி, கஸ்டமர் நாளைக்கு வராங்க," என்றார் மேனேஜர். "இதையெல்லாம் யாரு..."

"யாரு பண்ணாங்களோ அவங்கதான் சார்," என்றாள் அண்ணி. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "இனிமே திரும்பித்தான் வரும்."

நாத்தனார் கதவருகில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், தன் ஃபைலைத் திறந்து, முதல் கொக்கியிலிருந்து ஆரம்பித்தாள்.